ராமானுஜனும் உபகாரச் சம்பளமும்

ஏழைக் குடும்பத்தில் பிறந்த புத்திமான் ஒருவனுக்குத் தேசம் செய்ய வேண்டிய கடமை யாது? கல்லூரிகளைக் கட்டி, கதவைத் திறந்து வைத்து, வருகிறவன் வரலாம் என்று சொல்லிவிட்டால் அக்கடமை தீர்ந்து போயிற்று என்று எண்ணுவோர் பலர். சம்பளம் செலுத்த வகையில்லாதவனுக்கு அக்கதவு திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? இக்குறையைத் தீர்ப்பதற்கென்றே ஸ்காலர்ஷிப் என்றும் பெல்லோஷிப் என்றும் சொல்லப்படும் உபகாரச் சம்பளங்கள் உலகெங்கும் ஏற்பட்டிருக்கின்றன. அவற்றின் தொகை எவ்வளவு என்று கேட்பார் அநேகர். எந்த நிபந்தனையின்மேல் கொடுக்கப்படுகின்றன என்று கேட்பார் மிகச் சிலர். தொகையைக் காட்டிலும் நிபந்தனையே ஒரு மனிதனை வாழ வைக்கவும் கெடுக்கவும் வல்லது என்பது நமது அபிப்பிராயம். இதற்கு அத்தாட்சி வேண்டுவோர் கணித மேதை ஸ்ரீனிவாஸ ராமானுஜனுடைய சரித்திரத்தைப் பார்த்தால் போதும்.

அவருடைய கணிதத்தின் பெருமையைப் பேசாதவர் நம் நாட்டில் இல்லை. நாமக்கல் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை உரைத்தாள் என்ற கதையையும் எல்லோரும் அறிவர். ஆனால் அவருக்குச் சோறும் காகிதமும் யாரால் கிடைத்தன, எப்பொழுது கிடைக்காமற் போயின என்ற கணக்கை யாரும் அவ்வளவாக எடுத்துப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கையே இன்று நாம் நமது நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ராமானுஜன் 1887-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ந் தேதி ஈரோட்டில், தம் தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. மாதம் சுமார் 20 ரூபாய் ஊதியம். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சிறு வீடு. குலப்பெருமை உண்டு, பணம் இல்லை. தஞ்சை ஜில்லாவில் இத்தகைய குடும்பங்கள் அக்காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தன.

1897-ல் நடந்த ஆரம்பப் பரீக்ஷையில் ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறியதனால், கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் அவருக்கு அரைச் சம்பளச் சலுகை கிடைத்தது. அவர் வாழ்க்கையில் கிடைத்த முதல் உதவி இதுவே. தொகை சொற்பமானாலும் அதன் பயனைச் சொற்பமென்று கூற முடியாது. அதை ஆதாரமாகக் கொண்டு ஆறு வருஷம் அங்கே படித்து, 1903-ஆம் வருஷ முடிவில் மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் தேறினார். அதே வருஷத்திலேதான் கார் என்ற ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணிதச் சூத்திர நூல் அவர் கையில் கிடைத்தது. சில ஆயிரம் சூத்திரங்களை விளக்கம் அதிகமின்றி வரிசையாக அடுக்கியிருந்த அந்நூலைப் படித்த நாள் முதல், கணிதத்தைத் தவிர வேறொன்றில் அவர் மனம் நிற்கவில்லை.

1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தபொழுது, சுப்பிரமணியம் ஸ்காலர்ஷிப் என்ற உபகாரச் சம்பளம் அவருக்கு அளிக்கப்பட்டது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சிறந்து நிற்பவருக்கு உரியது அது. கணிதத்தில் அவருக்கு நிகர் அக்கல்லூரியில் எவரும் இல்லை. ஆசிரியருங்கூட இல்லை என்றே சொல்லலாம். ஆனால் சரித்திர வகுப்பிலும் உடல்நூல் வகுப்பிலும் உட்கார்ந்து அவர் சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த வகுப்புக்கு உயர்த்தப்படவில்லை. வகுப்புத் தவறவே உபகாரச் சம்பளமும் தவறிற்று. தாயார் கல்லூரித் தலைவரைக் கண்டு முறையிட்டும் பயனில்லை. விதி விதிதான் என்று பதில் வந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். கல்லூரி அதிகாரிகள் கொடியவர்கள் என்று நாம் கூற வரவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும் என்பது எல்லா வித்தியார்த்திகளுக்கும் பொதுவான விதி. அதை அவர்கள் அநுசரித்தார்கள். ஆனால் அவ்விதி வேலை செய்யும் மாதிரியைக் கவனியுங்கள். செல்வன் வீட்டுப் பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால், மறு வருஷம் தகப்பனாரின் பணத்தைக் கட்டி மறுபடியும் எழுதுகிறான். அவனுக்கு நஷ்டம் ஒரு வருஷம். உபகாரச் சம்பளத்தை நம்பி வந்த ஏழைப் பிள்ளை தவறினாலோ, அவனுக்குக் கல்லூரியே நஷ்டம். பொதுவான விதி ஒன்றே இருவரையும் இவ்வாறு இருவிதமாகத் தண்டிக்கிறது. இதைச் சமநீதி என்று எப்படி அழைப்பது?

1905-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், வெட்கம் தாளாமல் பதினேழு வயதுப் பையன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டணத்துக்கு ஓடிப்போனான். பிறகு திரும்பி வந்தான். 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்த்தார்கள். பச்சையப்ப முதலியார் என்ற ஒரு தமிழ் வள்ளலின் தர்மத்தால் எழுந்த கல்லூரி அது. வள்ளல் கட்டடத்துக்கும் ஆசிரியருக்கும் வழி செய்தார். ஆயினும் பரீக்ஷை விதி சர்வகலாசாலையினுடையது. அவ்வருஷ முடிவில் எழுதிய எப்.ஏ. பரீக்ஷையில் ராமானுஜன் தவறினார். 1907-ல் தனியாக எழுதினார், மீண்டும் தவறினார். அத்துடன் கல்லூரி வாழ்வு முடிந்தது. பட்டம் இல்லை, பட்டம் இல்லாதபடியால் உத்தியோகமும் இல்லை.

அடுத்த சில வருஷங்கள் அவர் பட்ட வறுமை சொல்லத் தரமன்று. காகிதம் வாங்கக் காசில்லாமல் கற்பலகையில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழித்துவிட்டு மேலே எழுதுவார். முடிவை மாத்திரம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பார். அந்த நோட்டுப் புத்தகங்களில் சூத்திரங்கள் உண்டு, நிரூபணங்கள் பெரும்பாலும் இல்லை என்று பிற்காலத்துப் பண்டிதர்கள் வியந்தார்கள். வியப்பில் ஒரு பாதி அவர் மேதையைச் சேர்ந்தது. மறு பாதி காகிதத்தின் விலையைச் சேர்ந்தது. 1909-ல் ஜானகி என்ற சிறு பெண்ணை அவருக்கு மணம் செய்து வைத்தார்கள். இனி வருவாய் தேடியே ஆக வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு 1910-ல் புறப்பட்டார். திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த ஸ்ரீ வி. ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணித சங்கத்தை ஸ்தாபித்தவர். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவுடனே, இவரைத் தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தாவாகப் போடுவது பாவமென்று உணர்ந்து சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அவ்வழியாக நெல்லூர்க் கலெக்டர் திவான் பகதூர் ஆர். ராமச்சந்திர ராவிடம் ராமானுஜன் போய்ச் சேர்ந்தார். ராவ் முதலில் சந்தேகித்தார், பிறகு தெளிந்தார், என்ன வேண்டும் என்று வினவினார். ஆராய்ச்சி செய்யப் பிழைப்பும் ஓய்வும் வேண்டும் என்பதே ராமானுஜனுடைய விண்ணப்பம். மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுக்கலானார் அந்தக் கனவான். 1911-ல் பெர்னௌலி எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதிய முதல் கட்டுரை இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று.

ஐரோப்பியர் ஒருவர் கண்டு சொன்ன பிறகே நாம் ராமானுஜனை அறிந்தோம் என்று பலர் கூறுகிறார்கள். அது பிசகு. முதலில் அறிந்தவர்கள் நம்மவர்களே. ஆனால் அறிந்தவர்கள் கையில் தம் சொந்தப் பணம் இருந்ததே ஒழிய, பொதுப் பணம் இருக்கவில்லை. ராமானுஜன் மானமுள்ளவர். ஒருவருடைய தயவில் நெடுநாள் உண்பது அவருக்குப் பொருந்தவில்லை. ராமச்சந்திர ராவின் பணத்தை வேண்டாமென்று விட்டு, சென்னைத் துறைமுகக் கச்சேரியில் 1912-ஆம் வருஷம் மார்ச் மாதம் முதல் தேதி 30 ரூபாய்க் குமாஸ்தாவாக அமர்ந்தார். தனவான் ஒருவரின் தயாளம் எவ்வளவு உயர்ந்ததாயினும், வாங்குகிறவனைத் தலைகுனிய வைக்கும். பொது ஸ்தாபனம் உரிமையாகக் கொடுக்கும் உபகாரச் சம்பளமோ அவனை நிமிர்ந்து நிற்கச் செய்யும். பெல்லோஷிப் என்ற ஏற்பாட்டின் உயிர்நிலை இந்த வித்தியாசத்திலேயே இருக்கிறது.

துறைமுகத்தில் அவருக்கு மேலிருந்த ஸ்ரீ எஸ். நாராயண ஐயரும், தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும் அவர் பெருமையை உணர்ந்தவர்கள். 1913-ஆம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதத்தின் கதை எல்லோரும் அறிந்ததாகையால் அதை இங்கே விரிக்கவில்லை. அடுத்த மாதம் வானிலை ஆராய்ச்சித் தலைவரான கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்து, நோட்டுப் புத்தகங்களைப் பார்வையிட்டு, இவருக்குச் சர்வகலாசாலை உதவ வேண்டுமென்று எழுதினார். என்ஜினீயரிங் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஸ்ரீ பி. ஹனுமந்த ராவைத் தலைவராகக் கொண்ட கணித பாட சபை மார்ச்சு மாதத்தில் கூடி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுக்கச் சிபார்சு செய்தது.

உடனே பழைய தடை குறுக்கே வந்து நின்றது. ஆராய்ச்சிச் சம்பளம் எம்.ஏ. பட்டம் பெற்றவருக்கே உரியது, இவரோ எப்.ஏ. கூடத் தேறாதவர். ஆனால் இம்முறை விதியைக் கையில் வைத்திருந்தவர்கள் அவ்விதி எதற்காக ஏற்பட்டது என்று கேட்டார்கள். ஆராய்ச்சிக்குத் தகுதியுள்ளவரைக் கண்டுபிடிக்கவே பட்டம் என்ற அளவுகோல். தகுதி கண்ணெதிரே நிற்கும்பொழுது அளவுகோலைப் பற்றிக்கொண்டு அழுவதில் அர்த்தமில்லை. ஏப்ரல் மாதத்தில் சிண்டிகேட் சபை விசேஷ ஏற்பாடாக இதை அங்கீகரித்தது. மே மாதம் முதல் தேதியிலிருந்து ராமானுஜன் துறைமுக வேலையினின்று விடுமுறை பெற்று, முழுநேர ஆராய்ச்சியாளர் ஆனார்.

இந்த 75 ரூபாய்க்கு விதிக்கப்பட்ட நிபந்தனை யாது? பரீக்ஷை இல்லை, ஆங்கிலமும் உடல்நூலும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. இங்கிலாந்து செல்லுமுன் மூன்று அறிக்கைகளை அவர் ஒழுங்காகக் கொடுத்தார். 1905-ல் ஸ்காலர்ஷிப்பைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவர் என்று தள்ளப்பட்டவரும் இவரே. 1913-ல் நிபந்தனை தவறாமல் நடந்தவரும் இவரே. மனிதர் மாறவில்லை, நிபந்தனை மாறியது. முன்னது அவருக்கு இல்லாததைக் கேட்டது. பின்னது அவரிடம் இருந்ததைக் கேட்டது.

1914-ஆம் வருஷத் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்ற கணித அறிஞர் சென்னைக்குச் சொற்பொழிவு செய்ய வந்தார். அவருடைய முயற்சியாலும், ஸ்பிரிங், ஹார்டி முதலியோர் முயற்சியாலும் ராமானுஜனை இங்கிலாந்துக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. செலவு யாருடையது? இங்கிலாந்து முழுவதும் கொடுத்துவிட்டது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். வருஷத்துக்கு 250 பவுன், வழிச்செலவு, உடைச்செலவு ஆகியவற்றைச் சென்னைச் சர்வகலாசாலையே ஏற்றுக்கொண்டது. பவுனுக்கு 15 ரூபாய் என்ற அக்கால விகிதப்படி அது வருஷத்துக்கு 3,750 ரூபாய். முதலில் இரண்டு வருஷம். பிறகு நீட்டிக்கப்பட்டு 1919 வரையில் நடந்தது. அதில் வருஷத்துக்கு 50 பவுன் கும்பகோணத்திலிருந்த பெற்றோருக்கு அனுப்பப்பட்டது. அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் மூத்த பிள்ளை கடல் கடந்து போயிருக்க முடியாது. ஏழை வித்தியார்த்தியின் செலவு அவன் ஒருவனுடைய செலவு அன்று. அவன் சம்பாதித்துக் கொடுக்காத காலத்தில் வீட்டில் அடுப்பெரிவதும் அவன் கல்விச் செலவே. இதை அறிந்து நடந்த சென்னைச் சர்வகலாசாலையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. கேம்பிரிட்ஜில் அவர் சேர்ந்த டிரினிடி கல்லூரி தன் பங்காக வருஷத்துக்கு 60 பவுன் கொடுத்தது. கல்லூரி 60 கொடுக்கிறதே என்று சென்னை தன் 250-ல் 60-ஐக் குறைத்துக்கொள்ளவில்லை. இது ஒரு அற்ப விஷயமாகத் தோன்றலாம், அப்படியன்று. வித்தியார்த்தி ஒருவன் தன் திறமையால் வெளியிலிருந்து ஒரு பரிசைச் சம்பாதித்து வந்தால், கல்லூரி தான் கொடுத்துவந்த உதவியில் அவ்வளவைக் கழித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பரிசு கொடுத்தவரின் பணம் பிள்ளைக்குச் சேராமல் கல்லூரியின் பெட்டிக்கே போய்ச் சேருகிறது. அமெரிக்காவில் இக்குறை பெரிதாகப் பேசப்பட்டு, மேரிலாந்து ராஜ்யம் 2017-ல் பொதுக் கல்லூரிகளில் இதைக் கட்டுப்படுத்தச் சட்டமே செய்ய நேர்ந்தது. சட்டமின்றியே 1914-ல் சென்னையும் டிரினிடியும் நேர்மையாக நடந்துகொண்டன.

மார்ச்சு மாதம் 17-ந் தேதி கப்பலேறிய ராமானுஜன் ஏப்ரல் 14-ந் தேதி லண்டன் சேர்ந்தார். சில மாதங்களில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. ஆசாரம் தவறாத வைஷ்ணவர் தம் அறையிலேயே சமைத்து, வேளை தவறி உண்டு, இரவு பகலாக உழைத்தார். 1916-ல் ஆராய்ச்சிக்காகவே கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது. சென்னையில் இருமுறை எப்.ஏ.யில் தவறியவர் பரீக்ஷை எழுதாமலே பட்டதாரி ஆனார். 1917 முதல் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரிகளிலும் ஆரோக்கிய சாலைகளிலும் காலம் கழிந்தது. 1918-ஆம் வருஷம் ராயல் சொஸைட்டியின் பெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முந்திய வருஷம் அவரை எடுக்க மறுத்த டிரினிடி கல்லூரியும் அக்டோபர் மாதத்தில் தன் பெல்லோவாக ஏற்றுக்கொண்டது. அந்தக் கல்லூரியில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

டிரினிடி பெல்லோஷிப் வருஷத்துக்கு 250 பவுன் வீதம் ஆறு வருஷத்துக்கு உரியது. கடமை என்று ஒன்றும் விதிக்கப்படவில்லை. பாடம் சொல்ல வேண்டாம். கணக்குக் காட்ட வேண்டாம். விரும்பிய ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருந்தால் போதும். சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு நம்புவது என்பதே பெல்லோஷிப்பின் தத்துவம். ஸ்காலர்ஷிப் கற்கிறவனுக்குக் கொடுக்கும் கைத்தடி. பெல்லோஷிப் கற்றவனுக்குக் கொடுக்கும் ஆசனம். அச்செய்தி கேட்டுச் சென்னைச் சர்வகலாசாலையும், 1919 ஏப்ரல் முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 250 பவுன் தருவதாக அவருக்கு அறிவித்தது.

அதற்கு ராமானுஜன் எழுதிய பதிலே அவர் சரித்திரத்தில் மிகச் சிறந்த கட்டம் என்று நாம் கருதுகிறோம். 1919-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 11-ந் தேதி, லண்டனைச் சேர்ந்த பட்னி என்ற இடத்தில் நோயாளியாகப் படுத்திருந்தபொழுது, சர்வகலாசாலை ரிஜிஸ்டிராருக்கு அவர் கடிதம் எழுதினார். இந்தியா திரும்பியபின் தமக்குச் சேரும் மொத்தத் தொகை தம் தேவைக்கு மிக அதிகம் என்றும், தம் பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், புத்தகங்கள் வாங்கித் தரவும் உபயோகிக்க வேண்டும் என்றும் தெரிவித்தார். பணம் ஏராளமாக வந்த முதல் நாளிலேயே அவர் நினைவு போன இடத்தைப் பாருங்கள். அரைச் சம்பளச் சலுகையால் ஹைஸ்கூல் படித்த பிள்ளை, சம்பளம் கட்ட வகையின்றிக் கல்லூரியை இழந்த பிள்ளை, அதை மறக்கவில்லை. உபகாரச் சம்பளம் பெற்றவன் பட்ட கடனை எவ்வாறு தீர்ப்பது என்பதற்கு இதைக் காட்டிலும் உயர்ந்த உதாரணம் நாம் அறியோம்.

அவர் எண்ணம் நெடுநாள் நடக்க விதி இடங்கொடுக்கவில்லை. 1919 மார்ச்சு மாதம் பம்பாயில் வந்திறங்கினார். கடைசி வருஷத்திலும் படுக்கையில் கிடந்தபடியே எழுதினார். 1976-ல் கேம்பிரிட்ஜ் நூல்நிலையத்தில் அகப்பட்டு உலகத்தை வியக்க வைத்த தாள்கள் அப்பொழுது எழுதப்பட்டவையே. 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். அவர் மனைவி ஜானகியம்மாளுக்குச் சர்வகலாசாலை முதலில் ஏற்படுத்திய உபகாரச் சம்பளம் மாதம் 20 ரூபாய். அந்த அம்மையார் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து ஜீவித்து, 1994 வரையில் வாழ்ந்தார். மேதைக்குத் தாராளமாகத் திறந்த கை, மேதையின் விதவைக்குச் சுருங்கிப் போயிற்று என்பதையும் நாம் மறைக்கலாகாது.

இச்சரித்திரத்திலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? ராமானுஜன் எல்லோரும் ஆகிவிட முடியாது என்று சிலர் சொல்லக்கூடும். மெய்தான். ஆனால் ராமானுஜனைத் தள்ளிய விதி ராமானுஜனுக்கென்று ஏற்பட்ட விதியன்று; எல்லோரையும் தள்ளும் விதியே. அவர் ஒருவர் திருக்கோவிலூருக்கும் சென்னைக்கும் நடந்து, கதவு கதவாகத் தட்டித் தப்பினார். தட்டத் தெரியாதவர், தட்டியும் திறக்கப்படாதவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை.

ஆகையால் உபகாரச் சம்பளங்களை நிர்வகிப்போர் சிலவற்றை மனத்தில் இருத்த வேண்டும். ஒரு பாடத்தில் தவறியவனிடம் முழு உதவியையும் பறிப்பதற்கு முன், அவன் எதில் சிறந்தவன் என்று ஒருமுறை விசாரிக்க வேண்டும். பணம் வித்தியார்த்தியின் வயிற்றுக்கு மட்டுமன்றி அவனை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் போதுமா என்று பார்க்க வேண்டும். ஒரு கையால் வந்ததை மறு கையால் கழிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விதிக்கு விலக்குச் செய்யும் அதிகாரமும் தைரியமும் உள்ளவர் யாராவது ஒருவர் சபையில் இருக்க வேண்டும். இந்திய அரசாங்கத்தின் ஆராய்ச்சி பெல்லோஷிப் தொகை 2023-ல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதை நாம் வரவேற்கிறோம். ஆனால் தொகை உயர்ந்தது மட்டும் போதாது, எப்.ஏ. தேறாத ஒருவர் இன்று நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றால் அவரை உள்ளே அழைக்க வழி உண்டா என்பதே கேள்வி.

2011-ஆம் வருஷ முடிவில், ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ந் தேதியைத் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுவதென்று அறிவிக்கப்பட்டது. படத்துக்கு மாலையிடுவதும் பிரசங்கம் செய்வதும் நல்லவையே. ஆனால் அம்மகானின் விருப்பம் இன்னதென்று நாம் ஊகிக்க வேண்டிய அவசியமில்லை. அவரே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். தேச ஊழியம் செய்வோர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சென்று, சம்பளம் கட்டாததாலோ உதவி நின்றதாலோ இவ்வருஷம் பெயர் அடிக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரிக்கட்டும். அவர்களில் ஒருவனையாவது மறுபடியும் வகுப்பில் உட்கார வைப்பதே ராமானுஜனுக்கு நாம் செய்யத்தக்க பூஜை.